வெளிநாட்டுப் பயணத்துக்கு ப்ரீபெய்டு சிம், டேட்டா: தேர்ந்தெடுப்பது முதல் ஊர் திரும்புவது வரை முழுமையான வழிகாட்டி

வெளிநாடு கிளம்புகிறவர்கள் சிம் விஷயத்தில் முதலில் கேட்பது "எது மலிவு?" என்பதைத்தான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: போகிற இடத்தில் உங்கள் சொந்த எண்ணுக்கு என்ன வேலை, டேட்டாவுக்கு என்ன வேலை?

இரண்டும் தனித்தனி வேலைகள். வங்கி ஓடிபி, கார்டு எச்சரிக்கை, மின்னஞ்சல் கணக்கின் சரிபார்ப்புச் செய்தி எல்லாம் சொந்த எண்ணுக்குத்தான் வரும். வரைபடம், டாக்ஸி செயலி, வாட்ஸ்அப், மொழிபெயர்ப்பு ஆகியவை எந்த சிம்மின் டேட்டா கிடைத்தாலும் ஓடிவிடும். இரண்டு வேலையையும் ஒரே சிம்மின் தலையில் கட்டும்போதுதான் செலவு ஏறுகிறது. இல்லையென்றால் சொந்த சிம்மைக் கழற்றிவிட்டு ஓடிபி வராமல் பணம் கட்ட முடியாத நிலை வருகிறது. பெரும்பாலான பயணங்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: சொந்த எண் எஸ்எம்எஸ் வாங்க மட்டும் உயிரோடு இருக்கட்டும், டேட்டாவுக்கு இன்னொரு சிம் போடுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஏற்பாட்டை ஒட்டியே அமைந்தவை.

படி 1: போன் தயாரா என்று பாருங்கள்

பிளானை ஆராய்வதற்கு முன் போனைச் சோதியுங்கள். போன் ஒத்துவராவிட்டால் எந்த பிளான் வாங்கியும் பயனில்லை.

முதலில் லாக். சிம் நிறுவனத்திடம் தவணையிலோ ஒப்பந்தத்திலோ வாங்கிய போன் அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கலாம். ஐபோனில் அமைப்புகள், பொது, அறிமுகம் என்று போனால் கேரியர் லாக் என்ற வரி இருக்கும். அதில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருந்தால் கவலையில்லை. ஆண்ட்ராய்டில் எளிய வழி, வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது. அன்லாக் கோட் கேட்டால் பூட்டு இருக்கிறது என்று அர்த்தம். திறந்துகொடுக்க நிறுவனம் சில நாட்கள் எடுத்துக்கொள்ளலாம், அதனால் கிளம்பும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

அடுத்து இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம். *#06# என்று டயல் செய்தால் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதோடு இஐடி என்ற 32 இலக்க எண்ணும் தெரிந்தால் போனில் இ-சிம் வசதி உண்டு. ஐபோன்களில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து இது இருக்கிறது. ஆனால் மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். சீனப் பெருநிலப்பகுதியில் விற்ற பல மாடல்களில் இ-சிம்மே கிடையாது, இரண்டு சாதா சிம் மட்டுமே போடலாம். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களிலோ 14ஆம் வரிசையிலிருந்து சிம் தட்டே இல்லை. அந்தப் போனோடு போய் இறங்கியவர் கடையில் நானோ சிம் வாங்கினால் அதை வைக்க இடம் இருக்காது.

மூன்றாவது அலைவரிசை. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 4ஜி பெரும்பாலும் 1, 3, 7, 8, 20, 28 ஆகிய எண்களுள்ள பேண்டுகளில், அதாவது அலைவரிசைத் தொகுதிகளில், ஓடுகிறது. வட அமெரிக்காவில் 2, 4, 12, 13, 66, 71 முக்கியமானவை. போன் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, போகும் நாட்டின் நிறுவனம் பயன்படுத்தும் பேண்டுகளோடு ஒப்பிடுங்கள். தாழ்ந்த அலைவரிசை பேண்டு, அதாவது 12, 20, 28, 71 போன்றவை, போனில் இல்லையென்றால் நகரத்தில் அந்தக் குறை தெரியாது. ஊருக்கு வெளியேயும் கட்டடத்துக்கு உள்ளேயும்தான் சிக்னல் காணாமல் போகும்.

பழைய போன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இல் 3ஜியை மூடிவிட்டன, ஆஸ்திரேலியா 2024இல் மூடியது. அங்கே கால் பேச வேண்டுமானால் 4ஜி வழியாகக் குரலைக் கடத்தும் வோல்ட்டி வசதி போனில் இருக்க வேண்டும், அந்த நாட்டு நெட்வொர்க்கும் அதை ஏற்க வேண்டும். இல்லையென்றால் டேட்டா நன்றாக ஓடும், கால் மட்டும் போகாது. சிம்தான் கெட்டுப்போய்விட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான்.

படி 2: சொந்த எண்ணுக்கு ஏற்பாடு

உங்கள் நிறுவனத்திடம் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். ரோமிங், அதாவது வெளிநாட்டு நெட்வொர்க்கில் உங்கள் சிம் வேலை செய்யும் வசதி, இயங்குகிறதா? ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் உண்டா? பயணம் முடியும்வரை வேலிடிட்டி இருக்கிறதா? ப்ரீபெய்டு எண்களில் ரோமிங் தானாக இயங்குவதில்லை என்பது பொதுவான சிக்கல். சில நிறுவனங்களில் குறைந்தபட்ச பேலன்ஸோ சிறிய ரோமிங் பேக்கோ போட்டால்தான் வெளிநாட்டு டவரில் சிம் பதிவாகும். வெளிநாடு போய்ச் சேர்ந்தபின் இதை இயக்க முயன்றால், அதற்கான சரிபார்ப்புச் செய்தியே அந்த எண்ணுக்குத்தான் வரும். அதனால் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கட்டணம் சத்தமில்லாமல் ஏறும் இடங்கள் இரண்டு. ஒன்று வாய்ஸ்மெயில், அதாவது எடுக்காத காலில் பேசுவதைப் பதிவுசெய்து வைக்கும் வசதி. ரோமிங்கில் இருக்கும் போனுக்கு ஒரு கால் வருகிறது, நீங்கள் எடுக்கவில்லை. அந்தக் கால் உங்கள் நாட்டிலிருந்து கிளம்பி நீங்கள் இருக்கும் நாட்டுக்கு வந்து, அங்கிருந்து திரும்பவும் உங்கள் நாட்டிலுள்ள வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது. வந்ததற்கு ஒரு கட்டணம், திரும்பிப் போனதற்கு இன்னொரு சர்வதேசக் கட்டணம் விழலாம். புறப்படுவதற்கு முன் ##004# டயல் செய்தால், எடுக்காதபோதும் தொடர்பு இல்லாதபோதும் நடக்கும் திருப்பிவிடுதல்கள் ரத்தாகும். இன்னொன்று ஐபோனின் செய்திச் சேவையான ஐமெசேஜ். ஐபோனில் புதிய சிம் போட்டவுடன் எண்ணைப் பதிவுசெய்ய அது பின்னணியில் ஒரு வெளிநாட்டு எஸ்எம்எஸ் அனுப்பும். வேண்டாமென்றால் சிம் மாற்றும்போது ஐமெசேஜ், ஃபேஸ்டைம் இரண்டையும் அணைத்து வைக்கலாம்.

வாட்ஸ்அப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், தேவையே இல்லை. டேட்டா சிம் எதுவானாலும் பழைய எண்ணிலேயே அது இயங்கும். எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பயணத்தின் நடுவில் செயலியை அழித்து மறுபடி நிறுவாமல் இருந்தால் போதும், நிறுவினால் சரிபார்ப்புக் கோட் சொந்த எண்ணுக்கு வந்தாக வேண்டும்.

படி 3: எவ்வளவு டேட்டா?

வழிகாட்டி வரைபடம் பார்த்துக்கொண்டே போனாலும் ஒரு மணி நேரத்துக்குச் சில எம்பிதான் செலவாகும், பகுதியை முன்பே தரவிறக்கி வைத்தால் அதுவும் மிச்சம். குரல் அழைப்பும் அதிகம் தின்பதில்லை. தின்பது வீடியோதான். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேர வீடியோ ஏறக்குறைய 0.7 ஜிபி, எச்டி தரத்தில் 3 ஜிபி வரை போகும்.

பத்து நாள் பயணம் ஒன்றைக் கணக்குப் போடுவோம். வரைபடம், உலாவுதல், செய்திகள் சேர்த்து நாளுக்கு 150 எம்பி. வீட்டோடு 20 நிமிட வீடியோ கால் 200 எம்பி. ஆக 350 எம்பி, பத்து நாளுக்கு 3.5 ஜிபி. இதோடு தினமும் அரை மணி நேரம் வீடியோ பார்த்தால் மேலும் 350 எம்பி சேர்ந்து மொத்தம் 7 ஜிபி ஆகிறது. ஒரே ஒரு பழக்கம் தேவையை இரட்டிப்பாக்குகிறது.

யாரும் கணக்கில் எடுக்காதது மேகக் காப்புநகல், அதாவது படங்களை இணையத்தில் தானாகச் சேமித்து வைப்பது. பயணத்தில் படம் எடுக்காதவர் யார்? ஒரு படம் 4 எம்பி என்றால் 200 படங்கள் 800 எம்பி. 4கே தரத்தில் நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்த வீடியோ ஐபோனில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. மூன்று நிமிடக் காட்சி ஒன்றே 500 எம்பியைத் தாண்டிவிடும். மொபைல் டேட்டாவில் காப்புநகல் எடுப்பதையும் செயலிகள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதையும் அணைத்துவிட்டு, வைஃபை கிடைக்கும்போது மட்டும் நடக்கும்படி வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் பலருக்கு ஒரு படி சிறிய பேக்கே போதுமானதாகிவிடும்.

படி 4: மூன்று வழிகளில் உங்களுடையது எது?

சொந்த நிறுவனத்தின் ரோமிங் பேக். எண் மாறாது, அமைப்பு வேலை இல்லை. மூன்று நாள் வரையிலான பயணத்துக்கும், கால்களை எடுத்தே ஆக வேண்டிய தொழிலில் இருப்பவர்களுக்கும் இதுதான் சரி. நாட்கள் கூடக்கூட ஜிபிக்கான விலை கட்டுப்படியாகாது. பேக் முடிந்தபின் என்ன ஆகும் என்பதைக் கட்டாயம் படியுங்கள். டேட்டா அப்படியே நின்றுவிட்டால் நல்லது. எம்பி கணக்கில் பேலன்ஸிலிருந்து கழியும் என்றால், பேக் தீரும் நேரத்தை நீங்களே கவனித்து அணைக்க வேண்டும்.

பயண இ-சிம். வீட்டிலிருந்தே வாங்கலாம், இறங்கியதும் டேட்டா கிடைக்கும், சொந்த சிம் போனிலேயே இருக்கும். இரண்டு வாரத்துக்குள் முடியும் பயணங்களுக்கும் பல நாடுகளைத் தொட்டுப் போகிறவர்களுக்கும் எங்கள் முதல் தேர்வு இதுதான். பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருபவை, கால் பேச எண் கிடைக்காது. இன்னொரு குணமும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இ-சிம்மை வெளியிட்டது மூன்றாவது நாட்டு நிறுவனமாக இருக்கும். நீங்கள் இருப்பது ஒரு நாடு, உங்கள் டேட்டா இணையத்துக்குள் நுழைவது வேறொரு நாட்டின் வழியாக. அதனால் இணைப்பில் தாமதம் கூடும், தளங்கள் புரியாத மொழியில் திறக்கும், வங்கிச் செயலி சந்தேகப்பட்டுக் கூடுதல் சரிபார்ப்புக் கேட்கும். இதே குணம் சீனாவில் உதவியாகிறது. அங்கே உள்ளூர் சிம்மில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது, வெளிநாட்டு ரோமிங் சிம்மில் திறக்கும்.

உள்ளூர் ப்ரீபெய்டு சிம். ஜிபிக்கு விலை பொதுவாக இதில்தான் குறைவு. உள்ளூர் எண்ணும் கிடைக்கும், வேகமும் நன்றாக இருக்கும். மூன்று வாரத்துக்கு மேல் ஒரே நாட்டில் தங்குகிறவர்கள், உள்ளூர் டெலிவரி, வங்கி, வீட்டு உரிமையாளர் என்று எண் கேட்கும் இடங்களோடு பழக வேண்டியவர்கள் இதை எடுக்கலாம். பல நாடுகளில் பாஸ்போர்ட் கொடுத்துப் பதிவு செய்தால்தான் சிம் இயங்கும். போனுக்கே பதிவு கேட்கும் நாடுகளும் உண்டு. துருக்கியில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போனில் உள்ளூர் சிம் போட்டால், பதிவு செய்யாதபட்சத்தில் 120 நாளில் அந்தப் போன் நெட்வொர்க்கிலிருந்து முடக்கப்படும்.

பல நாட்டுப் பேக் வாங்குகிறவர்கள் கண்டத்தின் பெயரை நம்ப வேண்டாம், நாடுகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் உள்நாட்டு விலையிலேயே ரோமிங் செய்யலாம், அந்த விதி 2032 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனும் அதில் அடக்கம். சுவிட்சர்லாந்து அடங்காது, பிரிட்டனும் இப்போது அடங்காது. பாரிஸிலிருந்து ஜெனீவாவுக்கு ரயிலில் போகிறவரின் டேட்டா எல்லையில் நின்றுபோவதற்குக் காரணம் இதுவே.

படி 5: விளம்பரத்துக்குக் கீழே உள்ள சிறிய எழுத்து

"அன்லிமிடெட்" என்ற சொல்லைப் பார்த்ததும், எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், எவ்வளவாகக் குறையும் என்று தேடுங்கள். 128 கேபிபிஎஸ் என்று இருந்தால் ஒரு எம்பி இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். எழுத்துச் செய்தி போகும், வரைபடம் சாம்பல் கட்டமாகவே நிற்கும். 512 கேபிபிஎஸ் என்றால் அதே ஒரு எம்பிக்கு 16 நொடி, பொறுமை இருந்தால் சமாளிக்கலாம். 1 எம்பிபிஎஸ் என்றால் அன்லிமிடெட் என்று சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு.

நாள் என்றால் என்ன என்று பாருங்கள். சில பேக்குகளில் முதல் இணைப்பிலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். சிலவற்றில் நள்ளிரவோடு நாள் முடிந்துவிடும், அந்த நள்ளிரவும் நீங்கள் இருக்கும் ஊருடையதாக இல்லாமல் நிறுவனத்தின் நாட்டுடையதாக இருக்கலாம். இரவு 10 மணிக்கு இறங்குகிறவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முழு நாளை இழப்பார். வேலிடிட்டி எப்போது தொடங்குகிறது என்பதும் இதே அளவு முக்கியம்: வாங்கியதும், போனில் நிறுவியதும், அந்நாட்டு டவரில் முதலில் சேர்ந்ததும் என்று மூன்று விதமாகவும் விற்கிறார்கள். மூன்றாவது விதமே பயணிக்கு நல்லது.

ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா, டேட்டா தீர்ந்தால் அதே இ-சிம்மில் டாப்-அப் செய்யலாமா, எந்தெந்த உள்ளூர் நெட்வொர்க்கில் சேரும், இந்த மூன்றையும் சேர்த்தே பாருங்கள். ஒரு நாட்டின் மிகச் சிறிய நெட்வொர்க்கில் மட்டும் சேரும் பேக் மலிவாக இருப்பதில் வியப்பில்லை, மலைப்பகுதிக்குப் போகிறவருக்கு அது உதவாது.

படி 6: கிளம்புவதற்கு முன் நிறுவுதல்

1. நல்ல வைஃபையில் இருக்கும்போது இ-சிம்மை நிறுவுங்கள். விமான நிலையத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். 2025 ஜூலையில் துருக்கி பல இ-சிம் விற்பனைத் தளங்களை முடக்கியது, முன்பே நிறுவாதவர்களால் அங்கே போய் வாங்க முடியவில்லை.

2. க்யூஆர் குறியீடு அதே போனின் திரையில் இருந்தால் கேமராவால் அதைப் பிடிக்க முடியாது. இன்னொரு திரையிலோ காகிதத்திலோ வைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஐஓஎஸ் 17.4 முதல் குறியீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தே சேர்க்கலாம். எதுவும் நடக்காவிட்டால் சர்வர் முகவரியையும் இயக்கக் குறியீட்டையும் கையால் தட்டச்சு செய்யும் வழி எல்லாப் போனிலும் உண்டு.

3. இரண்டு இணைப்புகளுக்கும் "ஊர்", "பயணம்" என்று பெயர் வையுங்கள். மொபைல் டேட்டாவுக்குப் பயணம், கால் மற்றும் எஸ்எம்எஸ்ஸுக்கு ஊர். ஊர் இணைப்பில் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். சிக்னல் குறைந்தால் டேட்டாவை மற்ற சிம்முக்குத் தானாக மாற்றும் வசதி ஒன்று இருக்கும், அதையும் மறக்காமல் அணையுங்கள். பயண சிம்மில் சிக்னல் போன ஐந்து நிமிடத்தில் ஊர் சிம்மின் பேலன்ஸைக் காலி செய்வது அந்த வசதிதான்.

4. நிறுவிய இ-சிம்மை எந்தக் கோளாறுக்காகவும் அழிக்காதீர்கள். பெரும்பாலான க்யூஆர் குறியீடுகள் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். அழித்தால் பணமும் போய்விடும்.

இரண்டு சாதா சிம் போடும் ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டாவது இடத்தை மெமரி கார்டோடு பகிரும் தட்டுகள் உண்டு. கார்டு உள்ளே இருந்தால் அதை எடுத்த பிறகுதான் உள்ளூர் சிம் போட முடியும்.

படி 7: இறங்கியதும்

ஏரோப்ளேன் மோடை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். புதிய நாட்டில் முதல் பதிவுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

சிக்னல் கம்பிகள் தெரிகின்றன, இணையம் இல்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பயண இணைப்பில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறது. ரோமிங் என்றாலே ஆபத்து என்று பழகியிருப்பதால் அதைத் தொடவே தயங்குகிறார்கள். பயண இ-சிம் வேற்று நாட்டு நிறுவனத்துடையது, அதற்கு எங்கு போனாலும் ரோமிங்தான். பயண இணைப்பில் ரோமிங் இருக்க வேண்டும், ஊர் இணைப்பில் இருக்கக் கூடாது.

அதுவும் சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஏபிஎன், அதாவது சிம் இணையத்துக்குள் நுழையும் வாசலின் பெயர். நிறுவனம் அனுப்பிய குறிப்பில் ஒரு சிறிய சொல் இருக்கும், அதை மொபைல் நெட்வொர்க் அமைப்பில் ஏபிஎன் என்ற இடத்தில் எழுத்து மாறாமல் போட்டு, போனை மறுபடி தொடங்குங்கள். முன்னும் பின்னும் இடைவெளி விழக்கூடாது. அவசர அழைப்பு மட்டும் என்று காட்டினால், தானியங்கித் தேர்வை அணைத்துவிட்டு, பேக் பட்டியலில் உள்ள நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

கடையில் சிம் வாங்குகிறவர்கள் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் சோதித்துவிட வேண்டும். வைஃபையை அணைத்து, இதுவரை திறக்காத ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே பார்த்த பக்கம் நினைவகத்திலிருந்தே வந்து ஏமாற்றிவிடும். பேலன்ஸ் பார்க்கும் குறியீட்டைக் கேட்டு ஒரு முறை டயல் செய்து பாருங்கள். சிம்மின் பூட்டு எண்ணான பின் (PIN), அது பூட்டிக்கொண்டால் திறக்கும் பியூகே (PUK) இரண்டும் அச்சான அட்டையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பின் எண் மூன்று முறை தவறினால் பியூகே கேட்கும், அது பத்து முறை தவறினால் சிம் அத்தோடு முடிந்தது. ஊர் சிம்மைக் கழற்ற வேண்டியிருந்தால், அதை அதே அட்டையின் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டி, பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

பயணத்தின் நடுவில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். எல்லையோர ஊர்களில் பக்கத்து நாட்டு டவர் வலுவாக இருந்தால் போன் அதில் தாவிவிடும், அங்கே நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்து நிறுத்துங்கள். கப்பலிலும் விமானத்திலும் செயற்கைக்கோள் வழியாக ஓடும் தனி நெட்வொர்க் இருக்கும். நாட்டுப் பேக்குகள் பொதுவாக அதற்குச் செல்லாது, கட்டணமும் மிக அதிகம். கரையை விட்டதும் ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் இயக்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது

மொபைல் டேட்டாவை ஊர் சிம்முக்கு மாற்றுங்கள், வாய்ஸ்மெயில் வேண்டுமானால் திருப்பிவிடுதலை மறுபடி இயக்குங்கள். டாப்-அப் செய்யக்கூடிய இ-சிம்மை அழிக்காமல் அணைத்து மட்டும் வைக்கலாம், அடுத்த பயணத்துக்கு உதவும்.

உள்ளூர் எண் வாங்கியிருந்தவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த எண்ணை எந்தெந்தச் செயலியில், எந்தக் கணக்கில் கொடுத்தீர்களோ அங்கெல்லாம், சிம் இன்னும் உயிரோடு இருக்கும்போதே, சொந்த எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். ரீசார்ஜ் செய்யாத ப்ரீபெய்டு எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும். அப்போது உங்கள் கணக்குக்கான ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.